பழைய வேகப்படகின் பின்பலகை ஊறியிருக்கிறது: ஆலோசனை தேவை

வாழைச்சேனையில் விற்பனைக்கு வந்துள்ள, 1989ஆம் ஆண்டு கட்டப்பட்ட 21 அடி ஃபைபர் வேகப்படகொன்றை வாங்க விரும்பி, மூன்று வாரங்களாக முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். அதில் 200 குதிரைவலு, இரண்டு ஸ்ட்ரோக், வி6 அவுட்போர்ட் எஞ்சின் பூட்டப்பட்டுள்ளது. எஞ்சினைப் பற்றிக் கவலையில்லை. ஆறு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது, களப்பில் ஓட்டியபோதும் சீராக இழுத்தது.

சிக்கல் பின்பலகையில், அதாவது எஞ்சினைத் தாங்கும், உள்ளே பிளைவுட் வைத்து ஃபைபரால் மூடிய படகின் பின்சுவரில் இருக்கிறது. எஞ்சினைச் சாய்த்து உயர்த்தி, அதன் அடிக்காலை இரு கைகளாலும் அழுத்தினால் பலகை கண்ணுக்குத் தெரியும்படி அசைகிறது. சுத்தியல் பிடியால் தட்டினால் மேல்விளிம்பில் கணீரென்று கேட்கும் ஒலி, நீர் வடியும் துளைக்கு அருகே மந்தமாகிவிடுகிறது. உரிமையாளரின் அனுமதியோடு அங்கே ஒரு திருகாணியைக் கழற்றியபோது, கபில நிற நீரும் ஊறிய தேயிலைச் சக்கை போன்ற பிளைவுட் துகளும் வந்தன.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஃபைபர் வேலை செய்யும் மூவரை அழைத்துக் காட்டினேன். சிறிய எஞ்சின் பூட்டிய மீன்பிடி வள்ளங்களில் கைதேர்ந்த அவர்கள், வெளிப்புறம் இரண்டு அடுக்கு ஃபைபர் ஒட்டினால் போதும் என்கிறார்கள். உள்ளே மரம் ஊறியிருக்கையில், அவ்வளவு பாரமான எஞ்சினின் உந்துதலை அது தாங்காது என்றே நான் அஞ்சுகிறேன்.

உட்புறமாக வெட்டி, ஊறிய பிளைவுட்டை முழுவதும் அகற்றி, புதிய பலகையை எபொக்சிப் பசையால் பதித்து, இத்தகைய எஞ்சினைத் திரும்பப் பூட்டி ஓட்டிய அனுபவம் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாருக்கேனும் உண்டா?