இயங்கும் படைத்தளத்துக்குள் ரெடிமேட் பாரக் (வீரர் தங்குமிடம்): எங்கே சிக்கல் வரும்?

ராணிப்பேட்டை ஃபேப்ரிகேட்டர்:
அரக்கோணம் பக்கம் ஒரு தளத்துக்குள் 40 பேர் தங்க பஃப் பேனல் (இரு தகடுக்கு நடுவே நுரை வைத்த பலகை) பாரக். 30 மீட்டருக்கு 6 மீட்டர், தரைத்தளம் மட்டும், எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் பிரிவு) வேலை. சிப்காட்டில் கம்பெனிகளுக்குப் போட்டு பழக்கம் உண்டு, உள்ளே போட்டதில்லை. உள்ளே செய்தவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா கான்ட்ராக்டர்:
சார், பேனல் நிறுத்துவது கஷ்டமில்லை, கேட்தான் கஷ்டம். ஆள் பாஸுக்கு ஆதாரோடு போலீஸ் வெரிஃபிகேஷனும் கேட்பார்கள். ஒடிசா, பீகார் ஆட்களுக்கு அது சொந்த ஊர் ஸ்டேஷனிலிருந்து வரவேண்டியிருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் 15 பேர் வேண்டுமென்றால் 20 பேருக்கு விண்ணப்பம் கொடுங்கள். நடுவில் ஒரு வெல்டர் ஊருக்குப் போய்விட்டால் மாற்று ஆளை மறுநாளே உள்ளே கொண்டுபோக முடியாது. கிரைண்டர், டிரில், வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் சீரியல் நம்பரோடு உள்ளே போகும்போதே பதிவு செய்துவிடுங்கள். லிஸ்டில் இல்லாத சாமான் வெளியே வராது.

லாரியில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை நம்பாதீர்கள். கலவை ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926. கேட்டில் சோதனைக்கு நின்றே அதில் பாதி போய்விடும். 3 மீட்டருக்கு ஒன்றாக இரு பக்கமும் சேர்த்து 22 பெடஸ்டல் (தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டை) வரும். அடியில் 900க்கு 900, 300 மி.மீ. கனம், மேலே 300 சதுரத்தில் 1 மீட்டர் என்று வைத்தால் மொத்தமே 7 கன மீட்டர் சொச்சம். மிக்சர் மெஷினை உள்ளேயே நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம்.

காட்பாடி சைட் இன்ஜினியர்:
அந்த 900 அளவை யாராவது செலவு மிச்சம் என்று 600 ஆக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 50 மி.மீ. பேனல், இரு பக்கமும் 0.5 மி.மீ. ஷீட் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 10 கிலோதான். ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. அரக்கோணம் அங்கிருந்து 70 கி.மீ.தான். புயல் இந்தக் கூரையை மேலே இழுக்கும். பிடித்து நிற்பது கான்கிரீட்டும் அதன்மேல் இருக்கும் மண்ணும். பள்ளத்தை மூடும்போது 200 மி.மீ. அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திம்சு கட்டையால் இடிக்க வேண்டும். கடைசியில் ஜே.சி.பி.யால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டால் அந்த மண் கணக்கில் சேராது.

தூணைப் பிடிக்கக் கான்கிரீட்டில் புதைக்கும் ஆங்கர் போல்ட்டுக்கு 6 மி.மீ. தகட்டில் டெம்ப்ளேட் (ஓட்டை போட்ட அச்சு) கட்டாயம். வெளி சைட்டில் போல்ட் 5 மி.மீ. தள்ளிப்போனால் தூணின் அடித்தகடான பேஸ் பிளேட் ஓட்டையை கேஸ் கட்டரால் பெரிதாக்கிவிடுவோம். உள்ளே தீ வேலைக்கு ஒவ்வொரு நாளும் தனி அனுமதி, தீயணைப்பு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் வெல்டிங்கை முழுக்கப் பட்டறையிலேயே முடித்து, உள்ளே போல்ட் முடுக்குவது மட்டும் இருக்கிற மாதிரி டிராயிங் போடுங்கள். பேனல் ஏறிய பிறகு வெல்டிங் பொறி பட்டால் பஃப் நுரை பற்றிக்கொள்ளும், புகையும் விஷம். அனுமதிப் பட்டியலில் இருந்தால் நுரைக்குப் பதில் பாறை இழை வைத்த ராக்வுல் பேனலுக்கே போங்கள். எடை கூடும், அதற்கேற்ப பர்லின் (கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கணக்கை மாற்றுங்கள்.

அரக்கோணம் எரெக்‌ஷன்:
ஓடுதளம் இருக்கிற தளம் என்றால் இன்னொன்று. குப்பை. ஷீட்டின் மேல் ஒட்டிவரும் பாலித்தீன், தெர்மகோல் துண்டு, கீழே விழுந்த ஸ்க்ரூ, எதுவும் காற்றில் பறக்கவோ டயரில் ஒட்டிப் போகவோ கூடாது. 2000 ஜூலையில் பாரிஸில் கான்கார்ட் விழுந்ததற்குத் தொடக்கம் ஓடுதளத்தில் கிடந்த ஒரு உலோகப் பட்டைதான். பாலித்தீனைக் கேட்டுக்கு வெளியிலேயே உரித்துவிட முடியாது, ஷீட் கீறும். நிறுத்திய அன்றே உரித்து, மூடி போட்ட டிரம்மில் அமுக்குங்கள். ஸ்க்ரூவை எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்குங்கள். சாயங்காலம் காந்தக் கட்டையால் தரையைக் கூட்டுங்கள்.

கிரேன் பூம் (தூக்கும் கை) உயரத்தை மீட்டரில் எழுதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் நேரம் குறித்து வாங்க வேண்டும். பறக்கும் நேரத்தில் பூமை இறக்கச் சொல்வார்கள், கிரேன் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 3 மீட்டர் சுவர் பேனல் 30 கிலோ; இரண்டு ஆள் தூக்கி நிறுத்தலாம். டிரஸ்ஸுக்கு (கூரைச் சட்டகம்) மட்டும் கிரேன், அதையும் ஒரே நாளில்.

வாலாஜா கான்ட்ராக்டர்:
தோண்டும் அனுமதியை விட்டுவிட்டேன். பழைய தளங்களில் கேபிள் வரைபடமும் தரையும் ஒத்துப்போகாது. முதல் 1 மீட்டர் கடப்பாரை, மண்வெட்டிதான், ஜே.சி.பி. வேண்டாம்.

ஆற்காடு பிளம்பர்:
டாய்லெட்டை பைசன் போர்டு (சிமெண்ட் கலந்த மரத்தூள் பலகை) தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் வடியும் ட்ராப் ஓரத்தில் கசிந்து போர்டு உப்பிவிடும். அந்த மூலைக்கு மட்டும் மண் நிரப்பி கான்கிரீட் தரை, சுவரில் 300 மி.மீ. வரை வாட்டர்ப்ரூஃபிங்.

காட்பாடி சைட் இன்ஜினியர்:
கூரை ஷீட் நம் ஊர் வெயிலுக்கும் ராத்திரிக்கும் நடுவே சில மி.மீ. நீளும், சுருங்கும். ஸ்க்ரூவை முறுக்கி ரப்பர் வாஷரை நசுக்கினால் ஒரு கோடையில் கிழிந்து ஐப்பசியில் ஒழுகும். டார்க் (முறுக்கு அளவு) செட் செய்த ஸ்க்ரூ டிரைவர் கொடுங்கள். ஏ.சி. வெளி யூனிட்டைப் பேனலில் தொங்கவிடாமல் தூணில் மாட்டுங்கள். முழுக்க இரும்புக் கட்டடம் என்பதால் இரண்டு இடத்தில் எர்த், ஒவ்வொரு அறைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின் கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்).

ராணிப்பேட்டை ஃபேப்ரிகேட்டர்:
நன்றி சார். மூடும் முன் பெடஸ்டல் அளவை எம்.பி.யில் (அளவுப் புத்தகம்) ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டுமா?

வாலாஜா கான்ட்ராக்டர்:
கட்டாயம். ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) பார்க்காமல் மண் மூடினால் திரும்பத் தோண்டிக் காட்டச் சொல்வார்கள். அதற்கும் ஒரு தோண்டும் அனுமதி.