‘எரிந்து செல்லும் வரம்பு’ என்று எழுதிய மகானுபாவர் யார்?

தாம்பரம் ரேடார்க்காரர்:
நாம் சேர்ந்து தொகுக்கும் மின்னணுப் போர்ச் சொற்கோவையை நேற்றிரவு புரட்டிக்கொண்டிருந்தேன். இரைச்சல் அலையால் ரேடாரைக் குழப்பும் எதிரியின் ஜாமரையும் மீறி ரேடார் தன் இலக்கைக் கண்டுகொள்ளும் தூரத்தை ஆங்கிலத்தில் ‘பர்ன் த்ரூ ரேஞ்ச்’ என்பார்கள். இங்கே அது ‘எரிந்து செல்லும் வரம்பு’ ஆகியிருக்கிறது. விளக்கம்: ‘எரிந்து செல்லக்கூடிய வரம்பு’. விமானப்படையில் 22 வருடம் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒன்றும் எரியவில்லை, இப்போதுதான் வயிறு எரிகிறது. இந்த விஷப்பரீட்சை வேண்டாம். ரேடார், ஜாமர், டிகாய் (எதிரியைத் திசைதிருப்பும் போலி இலக்கு) என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

குரோம்பேட்டை மாணவி:
ஐயா, அந்த மகானுபாவர் நான்தான். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம், அகராதியில் என்ன இருந்ததோ அதை எடுத்து ஒட்டினேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் ‘பர்ன் த்ரூ’ என்றே எழுதியிருந்தால், எனக்குப் பொருள் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. தமிழில் எழுதப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

அண்ணா சாலை துணையாசிரியர்:
நான் பெரியவர் பக்கம். சிறையில் ஜாமர் பொருத்துவது பற்றிய செய்திக்கு ஒருமுறை ‘அலைமுடக்கி’ என்று தலைப்பிட்டேன். விடிந்ததும் ஒரு வாசகர் தொலைபேசியில், “மெரினாவிலா?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஜாமர் ஜாமர்தான். இந்தத் துறையே நமக்கு அந்நியம். சொல் மட்டும் எங்கிருந்து வரும்?

மயிலாப்பூர் ஏட்டுச்சுவடி:
அந்நியமா? கல்யாணத்தில் கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறார்கள்? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்றுதானே? அகன்ற அலைவரிசை முழுவதையும் இரைச்சலால் நிரப்பும் ஜாமர் செய்வதும் அதுவே. ‘கெட்டிமேள முடக்கல்’ என்று ஒரு பதிவு சேர்க்கப் போகிறேன்.

எம்டனை மறந்துவிட்டீர்களா? 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் கப்பல். மூன்று புகைபோக்கிதான் அதற்கு. போலியாக நான்காவதை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் போல் வேஷம் போட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் கம்பியில்லாத் தந்தி நிலையம் உதவி கேட்டபோது, அந்தச் செய்தியைத் தன் கருவியால் குழப்பப் பார்த்தது. பலிக்கவில்லை, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ வந்து கதையை முடித்தது. ஏமாற்றும் கலை தெரிந்த கப்பல் ஒன்று வந்துபோனதில், ‘அவன் பெரிய எம்டன்’ என்று இந்த ஊர் ஒரு சொல்லே செய்துகொண்டது. எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை.

தாம்பரம் ரேடார்க்காரர்:
கெட்டிமேளம் விளக்கத்தில் இருக்கட்டும், தலைச்சொல்லாக வேண்டாம். ராணுவக் கையேட்டில் நாதஸ்வரக்காரரைத் தேட முடியாது.

அந்தப் பெண்ணுக்காக எழுதுகிறேன். விமானமே ஜாமரைச் சுமந்துகொண்டு ரேடாரை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஜாமரின் அலைக்கு ஒருவழிப் பயணம். ரேடாரின் அலை போய், பட்டு, திரும்ப வேண்டும். ஆகவே தூரம் பாதியானால் ஜாமரின் இரைச்சல் 4 மடங்குதான் ஏறும், எதிரொலி 16 மடங்கு ஏறும். தொலைவில் ஜாமர் ஜெயிக்கிறது. நெருங்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எதிரொலி மிஞ்சிவிடுகிறது. அந்த இடம்தான் நீங்கள் எரித்த வரம்பு.

குரோம்பேட்டை மாணவி:
இரண்டு முறை படித்தேன். அப்படியானால் ‘மீறு தொலைவு’ போதுமே? தீயும் வேண்டாம், ‘வரம்பு’ம் வேண்டாம். இதே விளக்கத்தை நீங்களே சேர்த்துவிடலாம், ஐயா.

தாம்பரம் ரேடார்க்காரர்:
சேர்க்க மாட்டேன் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். 1923ஆம் வருடத்து அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவனையும் விடாது. இப்போது சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நான் இயக்கிய கருவியின் அலைவரிசை எண்ணை யாராவது கேட்டால் அன்றே விலகிவிடுவேன்.

அண்ணா சாலை துணையாசிரியர்:
கேட்க மாட்டோம். ‘மின்னணு எதிர் எதிர்நடவடிக்கை’ என்ற பதிவை மட்டும் யாராவது தூக்குங்கள். எதிரியின் ஜாமரிலிருந்து நம் ரேடாரைக் காப்பதற்குத்தான் அந்தப் பெயர். அச்சுப்பிழை என்று நினைத்து நானே ஒரு ‘எதிர்’ அடித்துவிட்டேன், பொருள் தலைகீழாகிவிட்டது. ‘மின்னணுக் காப்பு’ என்றால் தீர்ந்தது.

குரோம்பேட்டை மாணவி:
பாருங்கள், நீங்களும் தமிழில் இறங்கிவிட்டீர்கள்! ‘பதர்’ என்ற பதிவும் கிடக்கிறது. ரேடாரை ஏமாற்ற விமானம் தூவும் உலோகக் கீற்றுகள். நெல் தூற்றும்போது பறப்பது போல என்று சொல் பொருந்துகிறது, ஆனால் விளக்கம் ஒரே வரி. 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது பிரிட்டிஷார் இதைக் கொட்டியபோது வைத்த மறைபெயர் ‘ஜன்னல்’. ஜன்னல் என்று கேட்டால் யாருக்கு என்ன புரியும்? கீற்றின் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி, ஜெர்மானியரின் 53 செ.மீ. ரேடாருக்குச் சுமார் 27 செ.மீ. என்று எழுதினால்தானே விஷயம்?

மயிலாப்பூர் ஏட்டுச்சுவடி:
அப்படியே டிகாய்க்கும் வருவோம். ‘பார்வை’ என்று போடுங்கள். மற்ற விலங்கை இழுப்பதற்கு வேடன் பழக்கி வைக்கும் விலங்குக்கு அதுதான் பழைய பெயர். புறநானூறு 320இல் ‘பார்வை மடப்பிணை’ இருக்கிறது.

அண்ணா சாலை துணையாசிரியர்:
‘விமானம் மூன்று பார்வைகளை வீசியது’ என்று தலைப்பிட்டால் ஆசிரியர் என்னைத்தான் வீசுவார். பொய்மான் என்று சொல்லுங்கள், மாரீசனைத் தெரியாதவர் இல்லை.

மயிலாப்பூர் ஏட்டுச்சுவடி:
மாரீசன் உருமாறியவன். பார்வை விலங்கு உருமாறுவதில்லை. இரண்டும் வேறு வேறு ஏமாற்று.

தாம்பரம் ரேடார்க்காரர்:
இதில் அவர் சொல்வது சரி. ஆனால் ‘பார்வை’க்கு நான் ஒப்ப மாட்டேன்; ரேடார் அறையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

குரோம்பேட்டை மாணவி:
டிகாய் இப்போதைக்கு டிகாயாகவே இருக்கட்டும். ‘மீறு தொலைவு’ ஏற்றிவிட்டேன், பாருங்கள்.

தாம்பரம் ரேடார்க்காரர்:
பார்த்தேன். இரண்டாம் வரியில் ‘இலக்கு’ ‘இலக்கம்’ ஆகியிருக்கிறது. 16 மடங்கு என்பதை 6 என்று அடித்திருக்கிறீர்கள்.