மருந்து தண்ணீரை விட்டுப் போனால் இறாலை விட்டும் போய்விடுமா?

தடா:
தடாவிலிருந்து சூலூர்பேட்டை வரைக்கும் வனாமி இறால் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. போன கோடையில் ஒரு அண்ணன் பதறிப்போய் கூப்பிட்டார். பிடிப்புக்கு முந்தைய சோதனையில் நைட்ரோஃபியூரான் என்ற தடைசெய்த ஆன்டிபயாடிக் இருப்பதாக வந்துவிட்டது. வியாபாரி சரக்கு வேண்டாம் என்றுவிட்டார். "அந்தப் பவுடரை நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு தம்பி, தண்ணியும் மாத்திட்டேனே!" கடையில் 'குடலுக்கு நல்லது' என்று கொடுத்த, லேபிள் இல்லாத பொட்டலம் அது.

தீவனத்தோடு போகும் மருந்து குடல் வழியாக ஏறி, தலைப்பகுதியில் பழுப்பாகத் தெரியும் கல்லீரல்-கணையத்தில்தான் அதிகம் சேரும். அங்கிருந்து சதைக்குப் பரவும். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் நாளாக ஆகக் குறைந்துவிடும், தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நைட்ரோஃபியூரான் கதையே வேறு. மூல மருந்து சீக்கிரம் உடைந்து மறைந்துவிடும்; உடைந்த துண்டோ சதைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். லேபில் தேடுவது அந்தத் துண்டைத்தான். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் இருந்தாலே ஐரோப்பாவில் சரக்கு நின்றுவிடும். தண்ணீர் மாற்றி இதைக் கழுவ முடியாது என்று அவரிடம் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆரம்பாக்கம்:
எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். விப்ரியோ என்ற பாக்டீரியா நோய் வந்த குளத்தில் மருந்து கலந்த தீவனம் போட்டார்கள். இறால் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் வைக்கும் தட்டை, அதாவது செக் ட்ரேயை, தூக்கிப் பார்த்தால் தீவனம் ஊறி உப்பி அப்படியே கிடந்தது. நோய் வந்த இறால் தின்னாது. தின்னும் இறாலும் கொறித்துக் கொறித்துத்தான் தின்னும், அதற்குள் மருந்து பாதி தண்ணீரில் கரைந்துவிடும். ஆக, மருந்து ஏறியது நன்றாக இருந்த இறாலில்தான். வெள்ளைப்புள்ளி வைரஸுக்குக்கூட, வைரஸிடம் பலிக்காத ஆன்டிபயாடிக்கை விற்கிறார்கள், அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சூலூர்பேட்டை:
இறாலை ஓட்டோடு லேபுக்குக் கொடுத்ததால் சோதனை தப்பாக வந்திருக்குமோ?

தடா:
நல்ல கேள்வி. நைட்ரோஃபியூரான் துண்டுகளில் ஒன்றான செமிகார்பசைடு ஓட்டில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கலாம். அதனால் அது மட்டும் வந்தால், ஓட்டை நீக்கிச் சதையை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் குளத்தில் வந்தது அது இல்லை, ஃபியூராசோலிடோன் என்ற நைட்ரோஃபியூரான் வகை மருந்தின் துண்டு. பிடிப்பைத் தள்ளிப்போட்டுத் தீவனமும் குளத்தில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டருக்குக் கரண்டும் கொடுத்துக் காத்திருந்தார். மறுசோதனையில் தேறியது, ஆனால் அதற்குள் விலை இறங்கிவிட்டது.