புதுப்பிப்பு: மண்டபத்தில் நின்றுபோன 1,200 வெள்ளி
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபம் என்னிடம் விளம்பரப் புகைப்படம் எடுக்கச் சொல்லிவிட்டு, பாக்கி 1,200 வெள்ளி (ரிங்கிட்) தராமல் படங்களை மட்டும் பேனரில் போட்டுக்கொண்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பணம் வந்துவிட்டது. 5,000 வெள்ளி வரை என்றால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். போட்டேன், விசாரணைக்கு முன்பே கட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் விலை பேசியதை அழிக்காமல் வைத்திருந்தது பெரிய உதவி.

ஆனால் படங்கள் எனக்குத்தான் சொந்தம், பேனரில் போட அவர்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொன்னது தவறு. 1987 பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுக்கும் படத்தின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்விடுகிறது. எடுத்தவனுக்குத்தான் சொந்தம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. சரி, இப்போது முன்பணம் வாங்கும்போதே 'உரிமை படம் எடுத்தவருக்கே' என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். நீங்களும் வாங்கிவிடுங்கள், தம்பிகளா.