ரோகோவ்ஸ்கி சுருளின் அளவு நிலையாக நிற்கவில்லை: வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை, ஒயரை வெட்டாமல் அளப்பதற்காக ஒரு ரோகோவ்ஸ்கி சுருளை (ஒயரைச் சுற்றி வளையமாக மாட்டும் கம்பிச்சுருள்) நானே சுற்றியிருக்கிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய எனாமல் செப்புக் கம்பியை, 6 மி.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட பிளாஸ்டிக் குழாயின்மேல் 500 சுற்றுகள் சுற்றி, அதன் மறுமுனையைக் குழாயின் உள்ளே நடுவழியாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். இரும்பு உள்ளகம் இல்லாததால், மோட்டார் தொடங்கும்போது பாயும் பெரும் மின்னோட்டத்திலும் இது செறிவடையாது (காந்தப்புலம் உச்சவரம்பைத் தொட்டு அளவு கெடாது) என்பதே என்னை ஈர்த்தது.

கணக்குப்படி 50 ஹெர்ட்ஸில் 10 ஆம்பியருக்கு ஏறத்தாழ 140 மைக்ரோவோல்ட் வர வேண்டும். சுருளில் எழும் மின்னழுத்தம் மின்னோட்டம் மாறும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், அதிலிருந்து மின்னோட்டத்தின் அளவை மீட்டெடுக்க, ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) கொண்ட தொகைப்படுத்தி (integrator) ஒன்றையும் சேர்த்தேன். ஃபேஸ் ஒயர் வளையத்தின் நடுவில் இருந்தால் அளவு சரியாக வருகிறது. சுருளின் முனைகள் சேரும் இடத்தருகே நகர்த்தினால் ஏழெட்டு விழுக்காடு மாறுகிறது. அதைவிடக் கவலை தருவது, மோட்டார் நின்றபின்னும் தொகைப்படுத்தியின் வெளியீடு மெல்ல நகர்ந்துகொண்டே போவதுதான்.

தொகைப்படுத்தியின் பின்னூட்டத்தில் (வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் இணைப்பில்) உள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு இணையாக எவ்வளவு மின்தடை வைத்தால், 50 ஹெர்ட்ஸில் கட்டப் பிழை (அலை முன்பின்னாக நகரும் பிழை) பெரிதாகாமல் இந்த நகர்வு அடங்கும்? முனைகளின் இடைவெளியைக் குறைத்தால் மட்டும் போதுமா, அல்லது சுருளை முழுதும் பிரித்து இன்னும் சீராகச் சுற்ற வேண்டுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் சுற்றுப்படத்துடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.