பழுதற்ற நாயகனுக்கு வளர்ச்சி உண்டா? பழைய நாவல்கள் பற்றி ஒரு கேள்வி

உவர்மலை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்காக ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். ஒரு பிள்ளை வளர்ந்து தன் சமூகத்தை எதிர்கொள்ளும் பழைய நாவல் ஒன்றைத் தெரிவு செய்ய முற்பட்டபோது, நாவல் என்றால் நல்லொழுக்கத்தைப் போதிக்க வேண்டும், வழிதவறுகிறவனின் கதையைப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும் என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். அதை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளையே, ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைத் துணைக்கொண்டு, தம் முதன்மைப் பாத்திரங்களை முழு நல்லவர்களாகப் படைத்ததாக முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆனால் தொடக்கத்திலேயே பழுதற்றவனாக இருக்கும் ஒருவன் கதைக்குள் எப்படி வளர முடியும்?

மூதூர் வாசகன்:
வணக்கம் அக்கா. அந்தப் பெற்றோரின் அச்சம் புரிகிறது. ஆனால் டிக்கன்ஸ் 1860–61இல் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் பிப் என்ற சிறுவன் வழிதவறுவது குடித்தோ களவெடுத்தோ அல்ல, வெட்கப்பட்டு. எஸ்டெல்லா என்ற சிறுமி அவனுடைய முரட்டுக் கைகளையும் தடித்த சப்பாத்துகளையும் ஏளனம் செய்த நாளிலிருந்தே, தன்னை வளர்த்த கொல்லர் ஜோவின் வீடு அவனுக்குத் தாழ்வாகத் தோன்றத் தொடங்குகிறது. பின்னர் யாரோ தரும் பணத்தில் இலண்டனில் கனவானாக வாழும் அவனைப் பார்க்க ஜோ வருகிறார். பணம் கொடுத்து அந்த வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே நம்மிடம் ஒப்புக்கொள்கிறான். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறும் ஜோ, தம் கையில் வளர்ந்த பிள்ளையையே 'சேர்' என்று அழைக்கிறார். கதையைச் சொல்பவன் வயது முதிர்ந்த பிப் என்பதால், இங்கே அறம் ஆசிரியரின் உபதேசமாக வருவதில்லை. தன் பழைய நடத்தையைத் திரும்பிப் பார்க்கும் ஒருவனின் கூச்சமாகவே வருகிறது. அந்தப் பணம் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட குற்றவாளி மக்விச் உழைத்து அனுப்பியது என்று தெரியவரும்போது, கனவான் என்ற தகுதியின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் வரும் சிறுவன் ஹக் இன்னும் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறான். தப்பியோடிய அடிமையை உரியவரிடம் ஒப்படைப்பதே அறம் என்று ஊரும் சமயமும் அவனுக்குக் கற்பித்திருக்கின்றன. அப்படித் தப்பியோடிய ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை எழுதியும்விட்டு, நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று அதைக் கிழித்துவிடுகிறான். தான் நல்லது செய்வதாக அந்த வேளையில் அவன் நம்பவில்லை. பாவம் செய்வதாகவே நம்புகிறான்.

தம்பலகாமத்து ஆசிரியர் (ஓய்வு):
தம்பி சொன்னவை சரியே. ஆயினும் ஆங்கில நாவல்களோடு நின்றுவிட வேண்டாம். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தில் நம் திருகோணமலைக்கும் பங்குண்டு. 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி'யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். அது நாயக்கர் காலத்து வரலாற்றுக் கதை என்பதால் உங்கள் கேள்விக்கு அவ்வளவாக உதவாது. அதற்கு முன் 1891இல் இவ்வூர் இன்னாசித்தம்பி தந்த 'ஊசோன் பாலந்தை கதை' உதவும். ஐரோப்பிய வீரகதை ஒன்றைத் தழுவிய அதில், காட்டில் பிரிந்துபோகும் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் கரடியிடமும் வளர்கிறார்கள். ஒரு மனிதனை ஆக்குவது பிறப்பா வளர்ப்பா என்ற பெரிய கேள்வி அங்கே வாசலிலேயே நிற்கிறது. ஆனால் வீரகதைக்கு அதை உள்ளே அழைத்து விசாரிக்கும் பொறுமை இல்லை.

இன்னொன்று. வளர்ச்சி இளம்பருவத்தோடு முடிந்துவிடும் என்று நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. இருபது வயதைக் கடந்த உடனேயே ராஜம் ஐயர் எழுதத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திரம்', இளமையைக் கடந்த முத்துஸ்வாமி ஐயரின் மனமாற்றத்தையே மையமாகக் கொண்டது. ஊர்வம்பை நம்பி மனைவியையே சந்தேகிக்கும் அவர், செல்வத்தையும் வீட்டையும் இழந்து அலைந்த பிறகுதான் தெளிவடைகிறார். சமூகம் என்பது அங்கே சட்டமோ அரசோ அல்ல, அடுத்த வீட்டுப் பேச்சு. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பதே அந்நாவலின் மற்றொரு பெயர்.

நிலாவெளி மாணவி:
ஐயா, பெண்பிள்ளைகளை விட்டுவிட்டீர்களே. ஷார்லட் பிராண்டி 1847இல் வெளியிட்ட 'ஜேன் ஐர்' நாவலில், நரகத்துக்குப் போகாமலிருக்க நீ என்ன செய்ய வேண்டும் என்று பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற மதகுரு பத்து வயது ஜேனிடம் கேட்கிறார். உடல்நலத்தோடு இருந்து சாகாமலிருக்க வேண்டும் என்று அவள் பதில் சொல்கிறாள். போதனை செய்ய வந்தவரையே திகைக்கவைக்கும் அந்தப் பதிலை, கேள்வி எழுப்பிய பெற்றோருக்கு வாசித்துக் காட்டலாம்.

உவர்மலை வாசகி:
மூவருக்கும் நன்றி. முழு நாவலையும் ஒரே முறையில் கொடுத்தால் மாணவர்கள் மலைத்துப்போவார்கள் என்பதால், ஜோ இலண்டனுக்கு வரும் 27ஆம் அத்தியாயத்தையும், ஹக் கடிதத்தைக் கிழிக்கும் 31ஆம் அத்தியாயத்தையும் முதலில் வாசிக்கத் தீர்மானித்திருக்கிறேன். 'கமலாம்பாள் சரித்திரம்' அதற்கு அடுத்த கூட்டத்துக்கு. அந்தப் பெற்றோரையும் அழைத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயாவுக்கு வசதிப்பட்டால் அவரும் வந்து ஊசோன், பாலந்தை கதையை மாணவருக்குச் சொல்ல வேண்டும்.