ஒரு கப்பி போட்டும் பாரம் குறையவில்லை, ஏன்?

மரப்பெட்டி:
வணக்கம். 40 கிலோ எடையுள்ள மரப்பெட்டி ஒன்றை மாடிக்கு ஏற்ற வேண்டும். உயரம் 3 மீட்டர். கப்பி போட்டால் பாதி பாரம்தான் என்று பள்ளியில் படித்த நினைவு. அதை நம்பி, மேலே உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையைப் பெட்டியில் கட்டிவிட்டு மறுமுனையைக் கீழே நின்று இழுத்தேன். பாதி குறைவதாகத் தெரியவே இல்லை. சந்தேகம் தீர, கையில் பிடிக்கும் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பார்த்தேன். பெட்டி ஏறும்போது 46 காட்டுகிறது, மெதுவாக இறக்கும்போது 35. வெறும் கையால் தூக்கினாலே 40தானே? எங்கே தப்பு செய்தேன்?

நீலவண்ணன்:
தப்பு எதுவும் இல்லை. நீங்கள் போட்டது நிலையான கப்பி. அது இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும். மேல்நோக்கித் தூக்குவதற்குப் பதிலாக, உடம்பின் எடையைப் போட்டுக் கீழ்நோக்கி இழுக்கிறீர்கள். அந்த வசதி ஒன்றுதான் லாபம்.

வடம்பிடி:
நீலவண்ணன் சொன்னது சரி. பட்டறையில் பல வருடம் பாரம் தூக்கியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கப்பியை எண்ணாதீர்கள், பெட்டியைத் தாங்கும் கயிறுகளை எண்ணுங்கள். உங்கள் அமைப்பில் பெட்டியைத் தாங்குவது ஒரே கயிறு. முழு 40 கிலோவும் அதில்தான் தொங்குகிறது. மேற்கொண்டு வந்த 6 கிலோ உராய்வு. கப்பியின் அச்சு தேய்வதாலும், கயிறு வளைந்து நிமிர்வதாலும் வருவது. இறக்கும்போது அதே உராய்வு உங்கள் பக்கம் நின்று பெட்டியைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் 35. நல்லவேளை, இரண்டு பக்கமும் அளந்தீர்கள். ஏறும்போது மட்டும் பார்த்திருந்தால் தராசு சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. உத்தரத்துக் கொக்கியில் இப்போது எவ்வளவு பாரம் தெரியுமா? பெட்டியின் 40, நீங்கள் கீழே இழுக்கும் 46, ஆக 86 கிலோ. 40 கிலோவுக்குத்தானே என்று சின்னக் கொக்கியை மாட்டியிருந்தால் தயவுசெய்து உடனே மாற்றுங்கள். பாரம் ஏறும்போது அதன் அடியில் யாரும் நிற்கக் கூடாது.

இன்னொரு கப்பி கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். கயிற்றின் ஒரு முனையை உத்தரத்திலேயே கட்டுங்கள். அங்கிருந்து கயிறு கீழே இறங்கி, பெட்டியில் மாட்டிய கப்பியின் அடியாகச் சுற்றி, மேலே போய், பழைய கப்பி வழியாக உங்கள் கைக்கு வரட்டும். இப்போது பெட்டியைத் தாங்குவது இரண்டு கயிறுகள், ஆளுக்குப் பாதி. ஆனால் பெட்டி 3 மீட்டர் ஏற, இரண்டு கயிறுமே 3 மீட்டர் சுருங்க வேண்டும். அதாவது 6 மீட்டர் கயிற்றை நீங்கள் இழுத்தாக வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டிவிடுகிறோம். பட்டறையில் என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக்கை (கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கைச்சங்கிலி மீட்டர் கணக்கில் ஓடும், என்ஜின் சென்டிமீட்டர் கணக்கில் ஏறும்.

கடப்பாரையும் இதே கணக்குதான். ஒன்றரை மீட்டர் கடப்பாரை. கல்லுக்கு 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால், கைப்பக்கம் 140 சென்டிமீட்டர், 14 மடங்கு. 20 கிலோ அழுத்தத்துக்கு 280 கிலோ அசையும். ஆனால் கை 14 சென்டிமீட்டர் இறங்கினால் கல் 1 சென்டிமீட்டர்தான் எழும்பும். அதனால்தான் கொஞ்சம் எழும்பியதும் கல்லுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி, முட்டுக் கட்டையை உயர்த்தி வைத்து, மறுபடியும் அழுத்துவார்கள். இயந்திரத்தால் இயற்கையை ஏமாற்றிவிட முடியாது என்று கலிலியோ சுமார் 1600-லேயே எழுதிவிட்டார். எனக்கு அது புரிந்தது கடப்பாரையைப் பிடித்த பிறகுதான்.

மரப்பெட்டி:
மிக்க நன்றி அண்ணே. கொக்கியை மாற்றிவிட்டு, நீங்கள் சொன்னபடி இரண்டாவது கப்பியையும் போட்டேன். தராசு 26 காட்டுகிறது! பெட்டி ஆடாமல் ஏறியது. ஆனால் பாதி என்றால் 20 வர வேண்டாமா?

வடம்பிடி:
பெட்டியோடு ஏறும் கப்பியையும் எடையில் சேர்த்தீர்களா? அது 2 கிலோ என்று வைத்தால் 42-ல் பாதி 21. மீதி 5 கிலோ உராய்வு, இப்போது இரண்டு கப்பிகளுக்கு. அச்சுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். சக்கரம் பெரிதாகவும் அச்சு மெலிதாகவும் உள்ள கப்பி கிடைத்தால் இன்னும் குறையும். உத்தரத்துக்கும் இப்போது நிம்மதி. 42-ம் 26-ம் சேர்த்து 68 கிலோதான், அதுவும் இரண்டு இடங்களில் பிரிந்து விழுகிறது.

கேள்விக்குறி:
நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஒரே ஒரு நிலையான கப்பிதான் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையில் பலகை கட்டி அதில் நானே உட்கார்ந்து, மறுமுனையை நானே இழுத்தால் என் முழு எடைக்கும் இழுக்க வேண்டுமா?

வடம்பிடி:
அருமையான கேள்வி தம்பி. கயிறுகளை எண்ணிப் பார். பலகையில் கட்டிய கயிறு உன்னைத் தாங்குகிறது. கையில் பிடித்திருக்கும் கயிறும் உன்னைத்தான் தாங்குகிறது. ஆக இரண்டு, உராய்வை விட்டுவிட்டால் பாதி எடைக்கு இழுத்தால் போதும். அதே கயிற்றைத் தரையில் நிற்கும் நண்பன் இழுத்தால் உன்னைத் தாங்குவது ஒன்றுதான், அவன் முழு எடையையும் இழுத்தாக வேண்டும். நீ 3 மீட்டர் ஏறினால் உன் கை வழியாக எத்தனை மீட்டர் கயிறு ஓடும் என்று கணக்குப் போட்டு இங்கேயே எழுது, பார்க்கிறேன்.

கேள்விக்குறி:
6 மீட்டர்!